22 பிள்ளைகள், 5 வகுப்புகள், ஓர் ஆசிரியர்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாயக் கிராமங்களில் உள்ள சிறிய தொடக்கப்பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: “இருப்பதே 22 பிள்ளைகள், ஓர் ஆசிரியர் போதாதா?” கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஒரே அறையில் 40 பேரை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, 22 என்பது சுகமான வேலையாகத்தான் தெரியும். அந்தக் கணக்கு எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். பல வகுப்புகளை ஒருசேர நடத்தும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

அந்த 22 பேரும் ஒரே வகுப்பில் இல்லை. ஒன்றாம் வகுப்பில் 4, இரண்டில் 6, மூன்றில் 3, நான்கில் 5, ஐந்தில் 4 என்று சிதறிக் கிடக்கிறார்கள். தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என வகுப்புக்கு 4 பாடம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் நடத்த வேண்டியவை 20 பாடங்கள். காலை வழிபாடு, இடைவேளை, மதிய உணவு எல்லாம் போக 300 நிமிடம் கிடைத்தால், பாடத்துக்கு 15 நிமிடம். புத்தகம் எடுக்கவும், பென்சில் தேடவும், உட்கார்ந்து அடங்கவும் ஆகும் நேரமும் அந்த 15-க்குள்தான். இதே 300 நிமிடத்தில் ஒற்றை வகுப்பை நடத்தும் ஆசிரியருக்குப் பாடம் ஒன்றுக்கு 75 நிமிடம் இருக்கிறது. அவருக்கு 40 நோட்டுத் திருத்தும் பாரம் உண்டு. அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது வேறு வேலை, இது வேறு வேலை.

சட்டமும் தலைகளைத்தான் எண்ணுகிறது. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர், 121 முதல் 200 வரை 5 பேர். அதாவது வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை வருவதற்கு 121 பிள்ளைகள் சேர வேண்டும். சிறிய விவசாய ஊரில் பள்ளி வயதுப் பிள்ளைகள் மொத்தமே அவ்வளவு இருக்கமாட்டார்கள். அதே அட்டவணை முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாளும் 800 கற்பித்தல் மணியும் வேண்டும் என்கிறது. இரண்டு ஆசிரியர்கள் இருந்து, ஒருவர் 1, 2 வகுப்புகளையும் மற்றவர் 3, 4, 5-ஐயும் எடுத்துக்கொண்டால், சின்ன வகுப்புப் பிள்ளைக்கு ஆசிரியரின் நேரடிக் கவனம் 400 மணி கிடைக்கும். பெரிய வகுப்புக்குச் சுமார் 267 மணி. ஒருவர் மட்டும் இருக்கும்போது அது 160 மணியாகச் சுருங்கிவிடுகிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இந்த மூன்று நிலையிலும் உள்ள பிள்ளைகள் ஒரே மாதிரி 200 நாளும் பள்ளிக்கு வந்தவர்கள்தான்.

ஓராசிரியர் பள்ளியில் ஒரு வகுப்பு ஆசிரியரோடு இருப்பது நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம். மீதி 240 நிமிடம் ஆசிரியர் அதே அறையில் இருப்பார், ஆனால் அந்த வகுப்போடு இருக்கமாட்டார். இந்த வேலையின் நுட்பமெல்லாம் அந்த 240 நிமிடத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பார்வையிட வருபவர்களும் நடந்துகொண்டிருக்கும் பாடத்தைத்தான் பார்க்கிறார்கள். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் மூன்று பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் அந்தப் பள்ளியின் தரம் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நேரத்தைச் சமமாகப் பங்கிடுவது முதலில் செய்யும் தவறு. வகுப்புக்கு 60 நிமிடம் என்று பிரித்தால் நியாயம்போலத் தோன்றும், ஆனால் ஒன்றாம் வகுப்பு மூழ்கிவிடும். பலகையில் எழுதிப்போட்ட வேலையைப் படித்துச் செய்ய அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வாசிக்கக் கற்கும்வரை ஆசிரியர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதனால் 300-இல் ஒன்றாம் வகுப்புக்கு 90, இரண்டாம் வகுப்புக்கு 70, மூன்று முதல் ஐந்து வரை சேர்த்து 140 என்பது போன்ற பங்கீடே நடைமுறையில் நிற்கிறது. காலையில் முதல் 40 நிமிடம் ஒன்றாம் வகுப்புக்கே போக வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் களைப்பில்லாமல் இருப்பார்கள். பெரிய பிள்ளைகளும் காலையில்தான் அமைதியாக எழுதுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைத் திருப்பிப் போட வேண்டும்: சின்னவர்களுக்குக் களிமண், விதைகளை அடுக்குவது, படம் வரைவது; பெரியவர்களுக்கு ஆசிரியரோடு கணக்கு. ஒன்றாம் வகுப்புக்கு இப்படி நேரம் கொடுத்தால் அது பெரிய வகுப்பிலிருந்து பிடுங்கிய நேரம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் வாசிக்கத் தெரிந்து மூன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளை பிறகு மூன்று ஆண்டுகள் தானாக வேலை செய்யும். வாசிக்காமல் வரும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஆள் வேண்டும்.

ஒரே அறையில் இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் வாய்விட்டுப் படிக்க முடியாது. இதை அறியாமல் நேர அட்டவணை போட்டால் முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிவிடும். எந்த நேரத்திலும் பேசி நடத்தும் பாடம் ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற கூட்டங்களில் இரண்டு எழுத்து வேலையும் ஒன்று கைவேலையுமாக இருந்தால் அறை தாங்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக் கரும்பலகை தேவை. பெரிய பலகை ஒன்றே இருந்தால், பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில் சுவரின் கீழ்ப்பகுதிக்குக் கறுப்பு வண்ணம் பூசிக்கொள்ளலாம். பலகைகளில் அன்றைய முதல் வேலை, மணி அடிப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். மணி அடித்தபின் எழுதத் தொடங்கினால், ஆசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்த 20 நிமிடத்தில் போன ஒழுங்கு மதியம்வரை திரும்பாது.

ஆசிரியர் ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் சந்தேகம் கேட்டு எழுந்து வரக்கூடாது என்று சொன்னால் மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பழக்க வேண்டும். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது. அவருக்கும் தெரியாவிட்டால் கூட்டத் தலைவரிடம். அவருக்கும் தெரியாவிட்டால், அந்தக் கணக்கின் எண்ணைச் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது. கவிழ்ந்த சிலேட்டை ஆசிரியர் தம் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்வார். இந்த ஒரு பழக்கம் பதிய இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடாமல் பழக்கத்தை மட்டுமே பழக்குவது காலவிரயமாகத் தெரியும். விரயம் இல்லை. வேலையை முடித்துவிட்டவருக்கு அடுத்து என்ன என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கதைப் புத்தகம், புதிர் அட்டை, வரைதாள் உள்ள பெட்டி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சும்மா இருக்கும் ஒரு பிள்ளை மூன்று நிமிடத்தில் இன்னும் நான்கு பேரைச் சும்மா இருக்க வைத்துவிடும்.

இனி வேலை அட்டைகள். ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் உருவான படிநிலை அட்டைகளும், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் அட்டைகளும் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளை தன் படியில் நின்று, தானே எடுத்து, தானே செய்து, அடுத்த படிக்குப் போவதுதான் அடிப்படை. பாடத்திட்டமும் பெயரும் மாறினாலும், பல வகுப்பு நடத்துபவருக்கு அட்டை இல்லாமல் வழியில்லை. எத்தனை அட்டை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வாரப் பருவத்தில் 60 நாள்; நாளுக்கு ஒன்றாக, மூன்று வகுப்புகளுக்கு இரண்டு பாடத்தில் 360 அட்டைகள். ஒன்றை யோசித்து எழுதிச் சரிபார்க்க 10 நிமிடம் என்றால் 60 மணி நேரம். பள்ளி நேரத்தில் இதற்கு ஒரு நிமிடமும் கிடையாது.

நல்ல அட்டையில் பிள்ளை செய்ய வேண்டியது வினைச்சொல்லாகவும் எண்ணிக்கையாகவும் இருக்கும். ‘பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்’ என்பது வேலையே ஆகாது. ‘இரண்டாம் பத்தியைப் படி. தண்ணீர் என்ற சொல் வரும் மூன்று வாக்கியங்களை எழுது’ என்றால் பிள்ளை தொடங்கிவிடும். கணக்கு அட்டையில் 5 கணக்குக்கு மேல் வேண்டாம். ஈரிலக்கக் கூட்டலையே எடுத்துக்கொண்டால், குச்சிக் கட்டுகளை வைத்துக் கூட்டுவது ஒரு படி, இனமாற்றம் இல்லாமல் எழுதிக் கூட்டுவது ஒரு படி, ஒன்றாம் இடத்தில் மட்டும் இனமாற்றம் செய்வது ஒரு படி, விடை நூறைத் தாண்டுவது ஒரு படி. ஒரே அட்டையில் இரண்டு படியைக் கலந்துவிட்டால் பிள்ளை எங்கே தவறுகிறது என்று ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு படிக்கும் எண்கள் மட்டும் மாறிய மூன்று அட்டைகள் வேண்டும். முதல் தடவை வராத பிள்ளை அதே அட்டையை மறுபடி செய்தால் விடையைத்தான் நினைவில் வைத்திருக்கும். பின்பக்கம் விடை எழுதிவைத்தால் திருத்தும் பாரம் பாதியாகக் குறையும், பார்த்து எழுதுவதும் தொடங்கும். அதற்குத் தடை போட்டுப் பயனில்லை. ஆறாவது அட்டைதோறும் விடை இல்லாததாக வைத்து, அதை ஆசிரியர் முன் உட்கார்ந்து செய்யச் சொன்னால், முந்தைய ஐந்தையும் பார்த்து எழுதியவர் தானாகவே தெரிந்துவிடுவார். மழைக்காலத்தில் பேனா மை ஓடிவிடும். எலியும் கரையானும் அட்டையை விட்டுவைக்காது. தகரப் பெட்டியில் பூட்டி, தரையில் படாமல் செங்கல்மேல் வைக்க வேண்டும்.

பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது பழைய வழி. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் காப்பகத்தில் கொண்டுவந்து, மாணவரையே மாணவருக்குக் கற்பிக்க வைத்தார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியே அது ‘மெட்ராஸ் முறை’ என்று உலகெங்கும் போனது. குறைந்த செலவில் நிறையப் பேருக்குக் கல்வி என்பதே அதன் கவர்ச்சி. ஆபத்தும் அதே இடத்தில்தான். நன்றாகப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளை நாள்தோறும் ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டால் ஆசிரியருக்கு நிம்மதி. அந்தப் பிள்ளையின் பின்னக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். வீட்டில் தம்பியைத் தூக்கி வைத்திருப்பதும் பெரும்பாலும் அதே பிள்ளைதான். எனவே, ஒருவருக்கு நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வாரந்தோறும் ஆள் மாறட்டும், ஆண்பிள்ளைகளும் செய்யட்டும். வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்பது, விடையை ஒப்பிடுவது, எழுத்து அட்டைகளைக் காட்டுவது ஆகியவற்றை அவர்களிடம் விடலாம். புதிய கருத்தை முதன்முதலில் சொல்லிக்கொடுப்பதும் தண்டிப்பதும் ஒருபோதும் அவர்கள் கைக்குப் போகக்கூடாது.

சூழ்நிலையியலில் இன்னொரு உபாயம் உண்டு. நான்கு, ஐந்து வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்து, ஓர் ஆண்டு நான்காம் வகுப்புப் பாடங்களையும் மறு ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பாடங்களையும் இருவருக்கும் நடத்துவது. இரண்டு ஆண்டில் எல்லாரும் எல்லாவற்றையும் முடித்திருப்பார்கள். பாடவேளை பாதியாகக் குறையும். நடுவில் வேறு ஊருக்கு மாறிப் போகும் பிள்ளை ஒரே பாடத்தை இரண்டு முறை படித்து மற்றதைத் தவறவிடும் என்பது ஒரு குறை. ‘ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஏன் நான்காம் வகுப்புப் புத்தகம்?’ என்று அதிகாரி கேட்பது இன்னொன்று. எழுத்துபூர்வ அனுமதி இருந்தால் இரண்டாவது தீர்ந்துவிடும். கணக்கில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. வகுத்தல் தெரியாமல் பின்னத்தில் கால் வைக்க முடியாது.

இவ்வளவும் 22 பேரும் வந்திருக்கும் நாளைப் பற்றியது. விவசாய ஊரில் அப்படிப்பட்ட நாள்கள் பயிரின் கையில் இருக்கின்றன. விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று ஆள் தேவை உச்சத்துக்குப் போகும் வாரங்களில் நான்கு, ஐந்து வகுப்புகள்தான் முதலில் காலியாகும். எல்லாரும் வயலில் வேலை செய்யப் போவதில்லை. அம்மா வேலைக்குப் போவதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். மாடு மேய்ப்பவர் ஒருவர். கதிர் முற்றும் நேரத்தில் பறவை விரட்டுபவர் ஒருவர். தண்ணீர் முறை இரவில் வரும் நாள்களில் அப்பாவோடு கண்விழித்துவிட்டு, காலையில் வந்து பலகையைப் பார்த்தபடியே தூங்கும் பிள்ளை பதிவேட்டில் ‘வருகை’தான். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள், அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் அந்த மூன்று வாரத்தில் தீர்மானமாகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மாத வருகைச் சராசரி இதைக் காட்டாது. 20 வேலை நாளில் ஒவ்வொருவரும் அங்கங்கே 4 நாள் வராமல் இருந்தாலும் 80 சதவீதம். ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள் மாதம் முழுக்க வராமல் மற்றவர்கள் எல்லா நாளும் வந்திருந்தாலும் 80 சதவீதம். முன்னது சமாளிக்கக்கூடியது. பின்னது இடைநிற்றலின் தொடக்கம். எனவே வருகைப் பதிவேட்டோடு படிப் பதிவேடு ஒன்றும் வேண்டும்: பெயருக்கு நேரே, வாசிப்பில் எந்தப் படி, கணக்கில் எந்தப் படி, எந்தத் தேதியில் அதைத் தாண்டியது. பிள்ளைக்கு ஒரு வரி, வாரத்துக்கு ஒருமுறை. இது இருந்தால், 15 நாள் கழித்து வரும் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்ற குழப்பம் வராது.

உச்ச வாரங்களில் பாதிப் பிள்ளைகள் இல்லாதபோது புதிய படிக்குப் போனால் அவர்கள் விடுபடுவார்கள். நிறுத்தி வைத்தால் வந்தவர்கள் சலித்துப்போவார்கள். கணக்கில் புதிய படி எதையும் தொடாமல், வாசிப்பையும் அளந்து பார்க்கும் வேலைகளையும் அந்த வாரங்களில் வைத்துக்கொள்வதே நல்லது. திரும்பி வரும் பிள்ளையை முதல் நாளே சோதிக்கக்கூடாது. எங்கே போனாய் என்று எல்லார் முன்னும் கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை விடுபடும்போது திரும்பி வருவதற்கே தயங்கும். இரண்டாம் நாள், கடைசியாக முடித்த அட்டைக்கு இரண்டு அட்டை பின்னால் போய்த் தொடங்கி, நாளுக்கு 20 நிமிடமாகப் பத்து நாள் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் பிடித்துவிடும். பருவ வேலைக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போகும் பிள்ளையிடம் படிப் பதிவேட்டின் நகலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். போன இடத்தில் பள்ளியில் சேர்ந்தால் அங்குள்ள ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கொலம்பியா நாட்டில் 1970-களின் நடுவில் கிராமப்புற ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘எஸ்குவேலா நுவேவா’ முறை இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. பிள்ளை தானே படித்துச் செய்யும் கற்றல் வழிகாட்டி ஏடுகள், ஆண்டுக் கடைசித் தேர்வுக்குக் காத்திராமல் படிப்படியாக மேலே போகும் ஏற்பாடு, பிள்ளைகளே நடத்தும் மாணவர் அவை ஆகியவை அதன் தூண்கள். அறுவடைக்குப் போய்த் திரும்பும் பிள்ளை ஓர் ஆண்டை இழக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1980-களில் அது அந்நாட்டின் தேசியக் கொள்கையாகவே ஆனது. ஏடுகளை ஒவ்வோர் ஆசிரியரும் இரவில் உட்கார்ந்து எழுதவில்லை, அச்சடித்து வந்தன. எங்கள் 60 மணி நேரக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள்.

பெற்றோர் கூட்டத்தைப் பிற்பகல் 3 மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதில் பொருளில்லை. வேலை முடிந்து, குளித்து, அடுப்பு பற்றவைக்கும் முன்பு அரை மணி நேரம் கிடைக்கும். அல்லது காலையில் வேலைக்குக் கூட்டம் சேரும் இடத்தில் பத்து நிமிடம். அங்கே பிள்ளையின் நோட்டையே கையில் கொடுத்து, ‘போன மாதம் இது, இந்த மாதம் இது’ என்று காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் வித்தியாசம் தெரியும்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளை பல வீடுகளில் குடும்பத்துக்கே கண். உர மூட்டையையும் மருந்துப் புட்டியையும் படிக்கச் சொல்லி அப்பா அதன் கையில்தான் கொடுக்கிறார். அதனால் நான்கு, ஐந்து வகுப்புகளில், மூட்டையிலும் புட்டியிலும் ஒட்டிய சீட்டை வாசிப்பதைப் பாடமாகவே வைக்க வேண்டும். இந்தியாவில் பூச்சிக்கொல்லிப் புட்டியின் சீட்டில் உள்ள வண்ண அடையாளம் நஞ்சின் கடுமையைச் சொல்கிறது: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையைப் பார்த்து ஆபத்தில்லை என்று நினைப்பது பொதுவான தவறு, அதுவும் நஞ்சுதான். லிட்டருக்கு 2 மில்லி என்றால் 16 லிட்டர் தெளிப்பானுக்கு 32 மில்லி என்பது நான்காம் வகுப்புப் பெருக்கல். மூடியை அளவாக வைத்து உத்தேசமாக ஊற்றும் வீட்டில், அந்தப் பெருக்கல் பணத்தையும் காக்கும் உடலையும் காக்கும். கணக்கைத் தாளில் போடுவதோடு பிள்ளையின் வேலை முடிந்தது. புட்டியைத் திறப்பதோ கலக்குவதோ கூடாது என்பதையும், காலிப் புட்டியில் தண்ணீர் பிடிக்கக்கூடாது என்பதையும் அதே பாடத்தில் சொல்ல வேண்டும். இந்தப் பாடம் புத்தகத்தில் இல்லையே என்று கேட்பவர்கள், தண்ணீர்ப் பானையின் அருகில் என்னென்ன புட்டிகள் இருக்கின்றன என்று ஒரு வாரம் கவனித்துவிட்டுக் கேட்கட்டும்.

அலுவலக வேலை தனிக் கதை. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிய உணவுக் கணக்கு, இருப்புப் பதிவேடு, புத்தகம் சீருடை வழங்கிய விவரம், மாற்றுச் சான்றிதழ், தீர்மானப் புத்தகம், வங்கிக் கணக்கு, இணையப் பதிவேற்றம் எல்லாம் பெரிய பள்ளிக்கும் சிறிய பள்ளிக்கும் ஒரே எண்ணிக்கைதான். பெரிய பள்ளியில் அதைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இங்கே தலைமையாசிரியரும், வகுப்பாசிரியரும், எழுத்தரும், சில நாள்களில் கதவு திறந்து பெருக்குபவரும் ஒருவரே. கைப்பேசியில் சிக்னல் கிடைக்கும் இடம் பள்ளிக்கு வெளியே இருந்தால், ‘இன்று மதியத்துக்குள்’ என்று வரும் ஒரு விவரக் கேட்பு அரை நாள் பாடத்தைத் தின்றுவிடும். ஒரே விவரத்தை மூன்று படிவத்தில் கேட்பதை மட்டும் நிறுத்தினாலே எவ்வளவோ மிச்சம். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. அனுமதிக்கப்பட்ட அந்தப் பணிகளுக்கே ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் போனாலும், மீதி ஒருவர் ஐந்து வகுப்போடு நிற்பார். ஓராசிரியர் பள்ளியிலிருந்து போனால் பள்ளிக்குப் பூட்டுத்தான். காய்ச்சலுக்கும் அதே பூட்டு. பயிற்சி வகுப்புக்கும் அதே பூட்டு.

குடியிருப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஊரிலேயே தங்கினால் நல்ல வாடகை அறை கிடைப்பது அரிது. இரவில் விண்ணப்பம் நிரப்பவும் கடிதம் படிக்கவும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், அதை யாரும் மறுப்பதில்லை. வெளியிலிருந்து வந்தால், ஒரு பேருந்து தவறினாலும் 22 பிள்ளைகளும் வாசலில் நிற்பார்கள். தனியாக இருக்கும் ஆசிரியைகளுக்குக் கதவுள்ள, தண்ணீர் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்பதே அங்கே தொடர்ந்து பணியாற்ற முடியுமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. இதைச் சலுகையாகக் கேட்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

நாங்கள் வேண்டுவது பெரிதல்ல. பணியிட நிர்ணயத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு வகுப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எண்ணுங்கள்; எந்தத் தொடக்கப்பள்ளியும் ஒருவரிடம் மட்டும் விடப்படக்கூடாது. ஐந்தாறு சிறிய பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு மாற்று ஆசிரியர் இருந்தால், விடுப்பு நாள்களில் பள்ளிக்குப் பூட்டு விழாது. ஆசிரியப் பயிற்சியில் பாடம் நடத்திப் பழகுவது பெரும்பாலும் ஒரே வகுப்பில், ஒரு பாடவேளைக்கு மட்டும் நடக்கிறது. அதில் சில வாரங்களேனும் பல வகுப்பு அறையில், முழு நாளும் பொறுப்பேற்று நடத்துவதாக இருக்கட்டும். படிநிலை அட்டைகள் அச்சாகி, தண்ணீர் படாத உறையோடு பள்ளி திறக்கும் முன் வந்து சேரட்டும். உள்ளூர் விடுமுறைகளைப் பயிர்க் காலத்தைப் பார்த்து அமைத்துக்கொள்ளும் உரிமை பள்ளி மேலாண்மைக் குழுவிடம் இருக்கட்டும், மொத்த வேலை நாள் குறையாமல்.

இன்னொன்று, செலவே இல்லாதது. பணிமாறுதல் ஆணை வந்ததும் ஆசிரியர் சாவியையும் இருப்புப் பதிவேட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அதற்குக் கையெழுத்து உண்டு. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, யாருக்குப் பலகை சரியாகத் தெரிவதில்லை, யார் எந்த மாதத்தில் வெளியூர் போவார், எந்த வீட்டில் பாட்டியிடம் பேசினால் பிள்ளை வரும் என்பதையெல்லாம் ஒப்படைக்க இடமே இல்லை. புதிதாக வருபவர் ஜூனில் தொடங்கி அதைத் தெரிந்துகொள்ளும்போது அரையாண்டுத் தேர்வு வந்துவிடுகிறது. படிப் பதிவேட்டையும் பிள்ளைக்கு ஒரு பக்கக் குறிப்பையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்து, இருவரும் ஒரு நாள் முழுக்க அந்த அறையில் சேர்ந்து இருந்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

இப்படிக்கு,
பல வகுப்புகளை ஒருசேர நடத்தும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள்